பாட்டில் ஊர் பெயரை மாற்ற முடியாமல் போன பிறகு

“ஏனுங் தம்பி, அந்தப் பாட்டுல ஊர் பேரையும் சாமி பேரையும் மட்டும் மாத்திக் குடுத்தீங்கன்னா போதும். ஞாயித்துக்கெழமை பயிற்சிக்கு வேணுங்.”

கும்மி வாத்தியார் போனில் இப்படிக் கேட்டதும், “அதுக்கென்னங்க, நாளைக்கே தர்றேன்” என்று சொல்லிவிட்டேன். ஒரு மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். அதை என்னால் செய்யவே முடியவில்லை. பாட்டுப் பதிவு செய்ய எந்த மென்பொருள் வாங்கலாம், மேக் வாங்கலாமா விண்டோஸே போதுமா என்று கேட்டு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

வள்ளி, முருகன் கதையைப் பாடிக்கொண்டே ஆடும் வள்ளிக்கும்மி இப்போது கொங்கு நாட்டில் எப்படிப் பரவியிருக்கிறது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் இந்தக் கலைக்காகப் பத்மஸ்ரீ அறிவித்த பிறகு இன்னும் பல ஊர்களில் பயிற்சி தொடங்கினார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் கோயில் வாசலில் சின்னப் பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை வட்டம் கட்டி நிற்பார்கள். வாத்தியார் எல்லா நாளும் தொண்டை வலிக்கப் பாட முடியாது என்பதால், பயிற்சிக்கு ஒலிப்பெட்டியில் போட ஒரு பதிவு வேண்டும். அந்தப் பதிவைச் செய்து கொடுப்பதுதான் பல வருடமாக என்னுடைய சனி, ஞாயிறு வேலை. மற்ற நாட்களில் பல்லடம் பக்கம் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன்.

இந்தப் பாட்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு ஊரில் முடிந்தால் அடுத்த ஊருக்குப் போகும். போகிற இடத்தில் அந்த ஊரின் பெயரும் அந்த ஊர் அம்மன் பெயரும் பாட்டுக்குள் வந்தாக வேண்டும். அது வராத பாட்டுக்கு ஊர்ப் பெண்கள் மனசார ஆட மாட்டார்கள். பெயர் மாற்றுவதும் சும்மா வெட்டி ஒட்டுகிற காரியம் கிடையாது. மாரியம்மன் என்றால் மூன்று அசை. செல்லாண்டியம்மன் என்றால் நான்கு. அந்த அடியையே திரும்பப் பாடி, பின்பாட்டுப் பெண்களின் குரலையும் தப்பட்டையையும் அதற்குத் தக்கபடி நகர்த்த வேண்டும். அதற்கு ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு கருவியும் தனித்தனி டிராக்காகத் திறக்கக் கிடைக்க வேண்டும்.

எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டைச் சிங்காநல்லூரில் என் மாமா பையன் வீட்டில், அவனுடைய மேக் கணினியில், மேக்கில் மட்டும் ஓடும் ஒரு மென்பொருளில் பதிவு செய்திருந்தோம். நடுவில் அவன் பணத்தேவைக்காக அந்தக் கணினியை விற்றுவிட்டான். விற்கும் முன் ஃபோல்டரை அப்படியே என் ஹார்டு டிஸ்கில் போட்டுக் கொடுத்திருந்தான். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

என் விண்டோஸ் லேப்டாப்பில் அதைத் திறந்து பார்த்தபோது உள்ளே அறுபது சொச்சம் ஒலிக்கோப்புகள் இருந்தன. “ஆடியோ 1”, “ஆடியோ 1-07”, “ஆடியோ 3-12” என்று பெயர்கள். எது வாத்தியார் குரல், எது சரியாகப் பாடியது, எது வேண்டாம் என்று ஒதுக்கியது, எந்தக் கோப்பு எந்த விநாடியில் தொடங்க வேண்டும் என்கிற விவரமெல்லாம் ப்ராஜெக்ட் கோப்புக்குள் இருந்தது. அதைத் திறக்க மேக் வேண்டும். இரண்டு ராத்திரி ஹெட்போனோடு உட்கார்ந்து நான்கு டிராக்கை ஒட்டிப் பார்த்தேன். பின்பாட்டுக் குரல்கள் ஒன்றோடொன்று சேரவேயில்லை. கடைசியில் முழுப் பாட்டையும் புதிதாகப் பாடிப் பதிந்தோம். முதல் பதிவில் பாடிய ஆறு பெண்களில் இரண்டு பேர் அதற்குள் கல்யாணமாகிக் கரூருக்கும் நாமக்கல்லுக்கும் போய்விட்டிருந்தார்கள். அந்தக் குரல்கள் சேர்ந்து ஒலித்த மாதிரி இரண்டாவது பதிவு அமையவில்லை. இன்றைக்கும் பழைய எம்பி3-ஐக் கேட்கும்போது மனசு என்னவோ செய்கிறது.

அந்த மென்பொருளில் ஒரு குறையும் இல்லை. பதிவு முடிந்த அன்றே அரை மணி நேரம் ஒதுக்கி ஸ்டெம் எடுத்து வைத்திருந்தால் போதும். ஸ்டெம் என்றால், ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் முதல் விநாடியிலிருந்து கடைசி வரை ஒரே நீளத்தில் தனித்தனி வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்வது. குரல் நடுவில் இருபது விநாடிதான் வருகிறது என்றாலும் கோப்பு பூஜ்ஜியத்தில்தான் தொடங்க வேண்டும். அப்போதுதான் எந்தக் கணினியில், எந்த மென்பொருளில் இழுத்துப் போட்டாலும் எல்லாம் தானாகச் சேர்ந்து நிற்கும். கோப்பின் பெயரிலேயே கருவி, சுருதி, வேகம் மூன்றையும் எழுதிவிடுகிறேன்.

மென்பொருள்களின் வரலாற்றைப் பார்த்தாலும் இந்தப் பயம் தேவையானதுதான் என்று தெரியும். லாஜிக் என்ற பதிவு மென்பொருள் ஒரு காலத்தில் விண்டோஸிலும் ஓடியது. அதை உருவாக்கிய எமேஜிக் என்ற ஜெர்மன் நிறுவனத்தை 2002-இல் ஆப்பிள் வாங்கியதும் விண்டோஸ் பதிப்பு நின்றுபோனது. கேக்வாக் என்ற இன்னொரு பதிவு மென்பொருளை 2017 நவம்பரில் கிப்சன் நிறுவனம் கைவிட்டது. மூன்று மாதம் கழித்து பேண்ட்லேப் நிறுவனம் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது. 2019-இல் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினாவில் 32-பிட் மென்பொருள்கள் ஓடாமல் போயின. பழைய பிளக்-இன்களை, அதாவது கருவி ஒலிகளுக்காகவும் மற்றதுக்காகவும் சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்களை, நம்பி வைத்திருந்த ப்ராஜெக்ட்டுகள் பாதிக் கருவிகள் இல்லாமல் திறந்தன. நம் பாட்டு பத்து வருடம் கழித்தும் வேண்டும் என்றால், மென்பொருளும் அத்தனை நாள் நம்மோடு வரும் என்று நினைத்திருக்க முடியாது.

சரி, அப்படியானால் எதைத்தான் எடுப்பது? எங்கள் கூட்டத்தில் அப்போது நான்கு கணினிகள். என் விண்டோஸ் லேப்டாப். மாமா பையன் மறுபடி வாங்கிய மேக்புக். என் வீட்டில் கிடந்த பழைய டெஸ்க்டாப். நான்காவது அக்கா மகளின் ஆண்ட்ராய்டு போன். அவள் நன்றாகப் பாடுவாள், தாளம் பிசகாது. போனைக் கணக்கில் சேர்க்காமல் இந்தக் காலத்தில் ஒரு பாட்டுக்குழு நடத்த முடியாது என்பது என் எண்ணம்.

நான் முதலில் கற்றுக்கொண்டது எஃப்எல் ஸ்டுடியோ. பெல்ஜியத்து இமேஜ்-லைன் நிறுவனம் 1997-இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. ஒரு முறை வாங்கினால் ஆயுள் முழுக்க புதுப் பதிப்பு இலவசம் என்ற வாக்கை அவர்கள் காப்பாற்றி வருகிறார்கள். 2018-இல் மேக்குக்கும் நேரடியாக வந்துவிட்டது. இலவச சோதனைப் பதிப்பில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ப்ராஜெக்டைச் சேமிக்கலாம், ஆனால் பணம் கட்டும் வரை அதைத் திரும்பத் திறக்க முடியாது. பாட்டை வேவ் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். அதனால் சோதனைப் பதிப்பில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு, மூடும் முன் டிராக் டிராக்காக வேவ் எடுத்துவிடுங்கள் என்று சொல்வேன். வாங்கும்போது பதிப்பையும் பார்க்க வேண்டும். நான் பழகிய காலத்தில் அதன் கீழ்ப்பதிப்பில் குரல் பதிவு கிடையாது. புரொட்யூசர் பதிப்பில்தான் இருந்தது.

தாளத்தை அடுக்கிப் பாட்டு கட்டுகிறவர்களுக்கு எஃப்எல் போல் கைக்கு வாகானது வேறு இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். கும்மிக்கு அதில் எனக்கு இடறியது இரண்டு இடத்தில். எங்கள் வாத்தியார் பாட்டுகளில் பாதிக்கு மேல் திஸ்ர நடை, தகிட தகிட என்று போவது. மென்பொருள் திறந்தவுடன் வருவது பதினாறு கட்டங்கள். அதைப் பன்னிரண்டாக மாற்றிக்கொண்டால் நடை சரியாகிவிடும், அது சின்ன வேலை. பெரிய சிக்கல் வேகம். கும்மி நிதானமாகத் தொடங்கி, வட்டம் சூடு பிடிக்கப் பிடிக்க வேகம் ஏறும். எந்த அடியில் எவ்வளவு ஏறும் என்று வாத்தியாருக்கே முன்கூட்டித் தெரியாது, ஆடுகிறவர்களின் கால் சொல்லும். கட்டம் கட்டமாக அடுக்கிய தாளத்துக்கு அவரைப் பாடச் சொன்னபோது, நல்ல பாட்டு பள்ளிக்கூட ஒப்பிப்பு மாதிரி ஆகிவிட்டது. பாடகர் போகிற போக்கில் போகவிட்டு, பதிவு பின்னால் வருகிற மாதிரியான மென்பொருள் எனக்கு வேண்டியிருந்தது. அதன் பிறகு தாளம் காட்டும் கிளிக் சத்தத்தை அணைத்துவிட்டு, முதலில் வாத்தியாரையும் ஒரு தப்பட்டையையும் மட்டும் சேர்த்துப் பதிகிறோம். மற்ற எல்லாமே அதன் மேல் உட்காரும்.

கராஜ்பேண்ட், லாஜிக் இரண்டையும் மாமா பையன் வீட்டில் நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன். கராஜ்பேண்ட் ஆப்பிள் கணினியிலும் ஐபோனிலும் இலவசம். அதில் தொடங்கியதை அப்படியே லாஜிக்கில் திறக்கலாம். லாஜிக்கை மேக்கில் ஒரே முறை பணம் கட்டி வாங்கினால் போதும். கூட வருகிற கருவிகளும் ஒலிகளும் அந்த விலைக்கு மிக அதிகம். உங்கள் வீட்டில், உங்கள் குழுவில் எல்லோரிடமும் மேக் இருந்தால் நீங்கள் மேலே தேட வேண்டியதே இல்லை. ஒரே ஒருவரிடம் விண்டோஸ் இருந்தாலும் ப்ராஜெக்ட் அவரிடம் திறக்காது.

கியூபேஸ், ஏபிள்டன் லைவ், புரோ டூல்ஸ் மூன்றும் விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். லினக்ஸில் இல்லை. மேடையில் கணினியை வைத்துக்கொண்டு வாசிக்கிறவர்களுக்கு ஏபிள்டன். சினிமா ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலைக்குப் போக நினைக்கிறவர் புரோ டூல்ஸ் பழகித்தான் ஆக வேண்டும். எனக்கு இரண்டு தேவையும் இல்லை.

கடைசியில் நான் வந்து நின்றது ரீப்பர். பிரவுசிங் சென்டர் காலத்தில் பாட்டுக் கேட்ட எல்லோருக்கும் வினாம்ப் ஞாபகம் இருக்கும். அதை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதையும் தொடங்கினார். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. இறக்கிக்கொள்ளும் கோப்பு மிகச் சின்னது. 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். சொந்த உபயோகத்துக்கும் சிறிய வருமானக்காரர்களுக்கும் விலை 60 டாலர், மற்ற வணிக உபயோகத்துக்கு 225 டாலர். நான் பணம் கட்டி வாங்கிய முதல் மென்பொருள் இதுதான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, ப்ராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பது. நோட்பேடில் திறந்தால் எந்த டிராக்கில் எந்த வேவ் கோப்பு எத்தனையாவது விநாடியில் இருக்கிறது என்று வரி வரியாக இருக்கும். மென்பொருளே நாளை இல்லாமல் போனாலும் அந்த விவரம் நம் கையில் இருக்கும். சிங்காநல்லூர்ப் பதிவில் நான் இரண்டு ராத்திரி தேடியது இந்த விவரத்தைத்தான். சேமிக்கும்போது ஒலிக்கோப்புகளையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே நகலெடுக்கச் சொல்லும் வசதியை மறக்காமல் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோல்டரை வேறு கணினிக்கு எடுத்துப் போனதும் பாதி டிராக் காலியாக நிற்கும். லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. விண்டோஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதனால் கோப்புப் பெயர்களை முழுக்கச் சின்ன எழுத்திலேயே வைக்கிறேன்.

ரீப்பரில் குறை இல்லாமல் இல்லை. கூடவே வரும் கருவி ஒலிகள் மிகக் குறைவு. தொடக்கத்தில் திறந்தால் எங்கே என்ன இருக்கிறது என்று புரியாது. முதல் மாதம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. வெறும் கணினியோடு உட்கார்ந்து, ஒரு பியானோவும் டிரம்ஸும் உடனே வேண்டும் என்கிற பையனுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

பழைய டெஸ்க்டாப் கதை வேறு. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 அந்தக் கணினியில் ஏறாது. தூக்கிப் போட மனசு வராமல் உபுண்டு ஸ்டுடியோ என்ற லினக்ஸ் போட்டேன். இசை வேலைக்கென்றே அமைத்தது, இலவசம். ஆர்டர் என்ற திறந்த மூல மென்பொருளும் அதில் நன்றாக ஓடுகிறது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். என்னுடையது கிளாஸ் கம்ப்ளையன்ட் வகை. அதாவது தனி டிரைவர் இல்லாமலே கணினி அதைக் கண்டுகொள்ளும். யுஎஸ்பி-யில் செருகியதும் லினக்ஸில் வேலை செய்தது. இன்டர்ஃபேஸ் வாங்கும்போது கடைக்காரரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு வாங்குங்கள். பிற்பாடு கணினியை மாற்றினாலும் கருவி கூட வரும். விலை கொடுத்து வாங்கும் பிளக்-இன்கள் பல லினக்ஸுக்கு வருவதில்லை என்பதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறிக்குடோன். காடாத் துணி ஓட்டும் விசைத்தறி நிற்பது அபூர்வம். எந்த மைக்கில் பாடினாலும் பின்னால் டடக் டடக் என்று வரும். அடித்தொனியைத்தான் ஃபில்டரில் குறைக்கலாம், அந்தத் தட்டல் சத்தம் குரலோடு கலந்துவிட்டால் எடுக்க வராது. தறி முழுசாக நிற்கும் ஒரே நாள் மாதம் ஒரு முறை வரும் ஷட்டவுன். மின் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். ஊரே அமைதியாகிவிடும், வேப்ப மரத்துக் குயில் சத்தம்தான் கேட்கும். என் நல்ல பதிவுகள் எல்லாமே ஷட்டவுன் நாளில் எடுத்தவை.

கரண்டு இல்லாத நாளில் பதிவு என்றால் டெஸ்க்டாப் உதவாது, யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். லேப்டாப் வேண்டும், யுஎஸ்பி-யிலிருந்தே கரண்டு எடுக்கும் இன்டர்ஃபேஸ் வேண்டும். விண்டோஸ் லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது சக்தியை மிச்சம் பிடிக்க ப்ராசஸர் வேகத்தைக் குறைக்கும். அப்போது பதிவில் பட் பட் என்று வெடிப்புச் சத்தம் விழும். பவர் அமைப்பை உச்ச வேகத்துக்கு மாற்றி, வைஃபையை அணைத்துவிட்டால் அது நிற்கும். ஆனால் என் லேப்டாப் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. மாமா பையனிடம் இருப்பது எம்1 மேக்புக் ஏர். காலையில் தொடங்கி சாயங்காலம் வரை பேட்டரி நிற்கிறது. அதில் மின்விசிறியே கிடையாது என்பதால் மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாலும் சத்தம் வராது. மேக் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் அதன் மென்பொருளை விட இந்த இரண்டு விஷயத்தைத்தான் முதலில் சொல்வேன். என் லேப்டாப்பை அடுத்த அறையில் வைத்து, பத்து மீட்டர் மைக் கேபிளை ஜன்னல் வழியாக இழுத்துக்கொள்கிறேன். கரண்டில் போட்டு வேலை செய்யும்போது எர்த் சரியில்லாத வீட்டில் வருகிற அந்த உம்ம்ம் என்ற இரைச்சலும் பேட்டரியில் வருவதில்லை.

பாடுகிறவர் தன் குரலை ஹெட்போனில் கேட்கும்போது வரும் தாமதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேட்டன்சி என்பார்கள். கணினி ஒலியைத் துண்டு துண்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். அந்தத் துண்டின் அளவு பஃபர். ஒலியை அளந்து எடுக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாம்பிள். விநாடிக்கு 44,100 சாம்பிள் என்று பதிந்தால், 256 சாம்பிள் பஃபர் ஏறத்தாழ 6 மில்லிவிநாடி. 1024 என்றால் 23 மில்லிவிநாடி. காற்றில் ஒலி அந்த 23 மில்லிவிநாடியில் எட்டு மீட்டர் போகும். அதாவது வாசலின் எதிர்க்கோடியில் நிற்கிறவர் தட்டுகிற தட்டைக் கேட்டுக் கும்மி அடிக்கிற மாதிரி. உள்ளே போக ஒரு தரம், வெளியே வர ஒரு தரம் என்று இது இரண்டு மடங்காகும். எங்கள் பெண்கள் அப்படித் தட்டும்போது, “கை சேரமாட்டேங்குதுங் அண்ணா” என்று உடனே சொல்லிவிட்டார்கள்.

இதற்கு மேக்கில் கூடவே வரும் கோர் ஆடியோ என்ற ஒலி அமைப்பு தொடக்கத்திலிருந்தே நன்றாக இருக்கிறது. விண்டோஸில் இன்டர்ஃபேஸோடு வரும் ஆசியோ டிரைவரைத் தவறாமல் நிறுவ வேண்டும். அது இல்லாத கருவிக்கு ஆசியோ4ஆல் ஓரளவுக்குக் கைகொடுக்கும். லினக்ஸில் அந்த வேலையைச் செய்வது ஜேக், இப்போது பைப்வயர். ஆனால் இதற்காக மட்டும் கணினியையே மாற்ற நினைப்பவர்கள் அதற்கு முன் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அழுத்தினால் குரல் கணினிக்குள் போய் வராமல் நேரே ஹெட்போனுக்கு வந்துவிடும். பஃபர் எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. பதியும்போது சின்ன பஃபர், பிறகு மிக்ஸ் செய்யும்போது பெரிய பஃபர் என்று மாற்றிக்கொள்வது எந்தக் கணினிக்கும் நல்லது.

போனில் பதிய பேண்ட்லேப் செயலியை வைத்துக்கொண்டோம். ஆண்ட்ராய்டு, ஐபோன், பிரவுசர் எல்லாவற்றிலும் இலவசமாக ஓடுகிறது. அக்கா மகள் ராகம் ஒன்று தோன்றினால் பாடி அனுப்புவாள். “மாமா, இத வெச்சுப் பாருங்க” என்று அவள் அனுப்பிய ஒரு துண்டு என் ப்ராஜெக்டில் சுருதி இறங்கி ஒலித்தது. அவள் கோப்பு விநாடிக்கு 48,000 சாம்பிள், என் பாட்டு 44,100. பெரும்பாலான மென்பொருள்கள் தாமே மாற்றிக்கொள்ளும். எங்கோ ஓர் அமைப்புத் தவறினால் ஏறத்தாழ முக்கால் கட்டை இறங்கி, வேகமும் குறைந்துவிடும். ஐந்து கட்டையில் பாடுகிற பிள்ளையின் குரல் அடையாளமே மாறிப்போகும். இப்போது குழுவில் எல்லோருக்கும் 48,000, 24 பிட் என்று ஒரே கணக்கு. அரங்கேற்ற வீடியோவுக்கும் அதுதான் பொருந்துகிறது.

பிளக்-இன் விஷயத்தில் வடிவம் பார்த்து வாங்க வேண்டும். விஎஸ்டி எல்லாக் கணினியிலும் உண்டு. ஏயூ ஆப்பிளுக்கு மட்டும். ஏஏஎக்ஸ் புரோ டூல்ஸுக்கு. நம் ஊர்க் கருவிகளுக்கு எங்களுக்குப் பிடித்த மாதிரி தயார் ஒலி கிடைக்காததால் நாங்களே எடுத்தோம். ஒரு ஷட்டவுன் நாளில் தப்பட்டை, பம்பை, உறுமி, துடும்பு நான்கையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று ஒவ்வொரு அடியாகப் பதிந்து, டீசென்ட் சாம்ப்ளர் என்ற இலவச பிளக்-இன்னில் போட்டேன். அது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் கோப்பும் எழுத்துக் கோப்புதான். துடும்பு வாசிக்கிற அண்ணன் தன் அடி கீபோர்டு கட்டையில் கேட்பதைப் பார்த்துவிட்டு, இடது கைக் கோல் சத்தம் சரியில்லை, திரும்ப எடுங்க என்று பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னது சரிதான். மறுபடி எடுத்ததில்தான் துடும்பு துடும்பாக இருந்தது.

பணம் கட்டாமல் திருட்டுத்தனமாகப் போடும் கிராக் மென்பொருள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் கணினி சரிசெய்த ஒரு கடையில் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். கூட வந்த வைரஸில் என் பழைய பதிவுகள் இரண்டு போயின. ரீப்பர், கராஜ்பேண்ட், ஆர்டர், பேண்ட்லேப் என்று குறைந்த விலையிலும் இலவசமாகவும் இத்தனை இருக்கும்போது அந்த வழிக்கு அவசியமே இல்லை. உழைத்து எழுதியவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடலாம்.

எல்லோரும் ஒரே மென்பொருளுக்கு வந்துவிட வேண்டும் என்று ஒரு கட்டத்தில் நான் மாமா பையனிடம் கட்டாயப்படுத்தினேன். அவன் கேட்கவில்லை. “உனக்கு வேணுங்கிறது நானா, என்ற ப்ராஜெக்ட்டா?” என்றான். லாஜிக்கில் அவன் கை ஓடுகிற வேகம் ரீப்பரில் வராது. இப்போது அவன் லாஜிக்கில் இசை சேர்க்கிறான், நான் ரீப்பரில் குரல் பதிகிறேன். நடுவில் போவது ஸ்டெம் கோப்புகளும், எந்தச் சுரம் எப்போது வாசித்தது என்று குறித்து வைக்கும் மிடி கோப்பும், வேகமும் சுருதியும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் மட்டும். மிடி 1983-இல் வந்தது. இன்றும் எல்லா மென்பொருளும் அதைப் படிக்கின்றன. வாரம் ஒரு முறை வேலை முடிந்ததும் இருவரும் ஸ்டெம் எடுத்து இரண்டு ஹார்டு டிஸ்கில் போடுகிறோம். ஒன்று பல்லடத்தில், ஒன்று சிங்காநல்லூரில்.

புதிதாகப் பதிந்த அந்தப் பாட்டு இதுவரை பதினோரு ஊருக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சின்ன டிராக், அதில் இரண்டே அடி. போன வாரம் வாத்தியார் மறுபடி கூப்பிட்டார். சிவகிரிப் பக்கம் ஒரு ஊர், அம்மன் பெயர் பொன்காளியம்மன். அதுவும் நான்கு அசைதான். செல்லாண்டியம்மனுக்குப் பாடிய மெட்டிலேயே உட்கார்ந்துவிடும். பின்பாட்டைத் தொட வேண்டியதில்லை, அவர் ஒரு அடி பாடினால் போதும். வருகிற செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கம் ஷட்டவுன். ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.